வண்டிக்குள் ஆள் இருக்கிறார்

ரஞ்சினி ஜெர்மனியில் வீஸ்லொக்–வால்டோர்ஃப் ரயில் நிலையத்துக்கும் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறாள். காலையில் ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் இந்தியப் பிள்ளைகள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் நிறையப் பேர். சாரதி ஆசனத்தில் சீருடையோடு இருக்கிற பெண்ணுக்குத் தமிழ் விளங்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. அவளும் சொல்லிக்கொள்வதில்லை. மேலதிகாரியைத் திட்டுவது, வாடகை வீடு கிடைக்காமல் அலைவது, ஊரில் பெண் பார்ப்பது எல்லாம் அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும்.

ஒரு திங்கட்கிழமை, முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் வார இறுதியில் ஆஸ்திரியா போய்வந்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேம்பர் வேன் ரென்ட் பண்ணோம்டா. டாய்லெட் உள்ளேயே இருக்கு. எங்க வேணாலும் பார்க் பண்ணிக்கலாம். பங்க்ல கியூ இல்ல, காசு இல்ல. செம ரிலீஃப்."

டாய்லெட் உள்ளேயே என்ற அந்தச் சொல்லைக் கேட்டபடியே ரஞ்சினி ஒரு தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னால் மணி விடாமல் அடித்தது. இத்தனை வருஷ ஓட்டத்தில் அவள் தரிப்பிடம் தவறவிட்டது அதுதான் முதல் தடவை.

அவளுடைய கணவர் உருத்திரமூர்த்திக்குப் பெருங்குடலில் கட்டி வந்து வெட்டி எடுத்திருந்தார்கள். கட்டி போய்விட்டது. வயிற்றின் இடப்பக்கம் மலம் வெளியேற ஒரு வழி வைத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டிவிட்டிருந்தார்கள். அது கடைசிவரை இருக்கும் என்று சொன்னார்கள். வைத்தியர்களுக்கு அவரைக் கண்டால் சந்தோஷம். அறிக்கைகள் எல்லாம் நன்றாக இருந்தன. ஹைடல்பேர்க்கில் ஒரு இத்தாலியன் உணவகத்தில் காலமெல்லாம் அடுப்படியில் நின்ற மனிதர், இப்போது வீட்டையும் வைத்தியரையும் தவிர வேறெங்கும் போவதில்லை.

முதலில் போகத்தான் பார்த்தார். மகள் தர்மிகாவுக்கு வடக்கே, கடலோரத்துக் கீல் நகரத்தில் கடல் ஆய்வு வேலை. அங்கேயே பதிவுத் திருமணம் வைத்திருந்தாள். இருவரும் புதுச்சட்டை, புதுச்சேலையோடு ரயில் ஏறினார்கள். பாதி வழியில் அவருக்குப் பை நிறைந்துவிட்டது. அவர்களுடைய பெட்டியில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அடுத்த பெட்டியில் வரிசை. அந்த வரிசையில் நின்றபோதே பை ஒரு பக்கம் கழன்றுவிட்டது. கோட்டிங்கனில் இறங்கி, நிலையத்துக் கழிப்பறையில் சட்டையைக் கழுவிவிட்டு வெளியே வந்தவர் ரஞ்சினியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீர் போம். நான் வீட்டை போறன்."

அவள் தனியே போகவில்லை. இரண்டு பேரும் திரும்பி வந்து கைத்தொலைபேசியில் கல்யாணம் பார்த்தார்கள். தர்மிகா கோபிக்கவில்லை. "பரவாயில்லையப்பா" என்றாள். அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று ரஞ்சினி பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள். அதற்குப் பின் எந்தப் பயணப் பேச்சுக்கும் உருத்திரமூர்த்தியின் பதில் ஒன்றுதான்: "பாப்பம்."

அன்று பின்னேரம் வேலை முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அவள் கேம்பர் வேன் ஒன்று வாங்குவோம் என்றாள்.

"வோன்மொபிலோ?" என்றார் அவர். "உது வெள்ளைக்காரற்ற பொழுதுபோக்கு. எங்களுக்கு என்னத்துக்கு?"

"அதுக்குள்ள எல்லாம் இருக்குதாம்."

அவருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த வெங்காயத்தை மேசையில் வைத்தார்.

"எனக்காக எண்டால் வேண்டாம்."

"உங்களுக்காக எண்டு ஆர் சொன்னது? நான் கிழமை முழுக்க ஒரே ரோட்டில போய் வாறன். எனக்கு வேற ரோட்டில ஓட ஆசையா இருக்கு."

வாயில் வந்ததைத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது முழுப்பொய் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

ஜெர்மனியில் விற்பனைக்கு இருந்தவை எல்லாம் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. கடைசியில் அவளுடைய தம்பி இளங்கீரன்தான் ஒரு படம் அனுப்பினான். சுவிஸில், சாஃப்ஹவுசனுக்குப் பக்கத்தில், அந்தோனிப்பிள்ளை என்றொருவர் விற்கிறார். ஜப்பான் பிக்கப் வண்டி. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியைக் கழற்றிவிட்டு, சட்டத்தோடு சேர்த்து ஒரு வெள்ளைக் கபின் பூட்டியிருந்தார்கள். கபினின் ஒரு பகுதி சாரதியின் தலைக்கு மேலே தொப்பியின் முன்விளிம்பு மாதிரி நீண்டிருந்தது. பழையது, ஆனால் வடிவாக வைத்திருக்கிறார் என்று இளங்கீரன் எழுதியிருந்தான்.

அவள் தனியே போய் எடுத்துவரத் தயாரானாள். அதைக் கண்டுதான் உருத்திரமூர்த்தி தானும் வருவதாகச் சொன்னார். சூரிச் பக்கம் போகும் அலுவலில் இளங்கீரன் இரண்டு பேரையும் தன் காரில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டான். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவர் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. வயிறு வெறுமையாக இருந்தால் பையும் வெறுமையாக இருக்கும் என்பது அவருடைய கணக்கு. ரஞ்சினிக்கு அது தெரியும். கேட்டால் வராமல் நின்றுவிடுவார் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை.

அந்தோனிப்பிள்ளை முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எழுபது தாண்டிய நெட்டை மனிதர். அந்த வண்டியில் சுவிஸில் உள்ள ஏரிகளுக்கெல்லாம் போய்த் தூண்டில் போட்டிருக்கிறார்.

"ஏன் அண்ணை விக்கிறியள்?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"மேல ஏறிப் படுக்கிறன் தங்கச்சி, இறங்க ஏலாமல் கிடக்கு. போனமுறை காலமை இறங்க முடியாமல் பக்கத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டு இறக்கிவிக்க வேண்டியதாப் போச்சு. இனி இதை ஆராவது ஓடுற ஆக்களிட்டைக் குடுக்கிறதுதான் முறை."

அவர் எதையும் மறைக்கவில்லை. கதவு மழைக்காலத்தில் இறுகும் என்றார். இரண்டாம் கியர் கொஞ்சம் பிடிவாதம் என்றார். ரஞ்சினி தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பஸ் ஓட்டிய கைக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி வளைந்து கொடுத்தது. இயந்திரத்தின் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவர் பின்கதவைத் திறந்து உள்ளே காட்டினார். ஒரு சின்ன மேசை, இரண்டு எரிவாய் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. ஒடுங்கிய கதவொன்றைத் தள்ளினார். உள்ளே கழிப்பறை, கைகழுவும் கிண்ணம், ஒரு கண்ணாடி.

"கழிவெல்லாம் கீழ இருக்கிற பெட்டிக்குள்ள போகும். வெளியால இழுத்துக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவினால் சரி. மணம் ஒண்டும் வராது."

உருத்திரமூர்த்தி தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி அப்போதுதான் வந்தது.

"உள்ளுக்கு நிண்டு திரும்ப இடம் காணுமோ?"

"எனக்கே காணும் தம்பி. உங்களுக்கு என்ன?" என்றார் அந்தோனிப்பிள்ளை, தன் உயரத்தைக் கையால் காட்டி.

கடதாசி அலுவல்களில் மனிதர் ஒழுங்கு. சுவிஸ் பதிவை ஏற்கெனவே ரத்துச் செய்து, ஏற்றுமதிக்கான தற்காலிக இலக்கத்தகடு எடுத்துப் பூட்டியிருந்தார். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்ததும் புறப்படத்தான் பார்த்தார்கள். அவருடைய மனைவி செல்லம் விடவில்லை. புட்டும் மீன்குழம்பும் மேசைக்கு வந்துவிட்டன.

"எனக்குப் பசி இல்லை அக்கா" என்றார் உருத்திரமூர்த்தி.

"பசி இல்லாட்டியும் இருங்கோ. எங்கட வண்டியில வெறும் வயித்தோட ஆரையும் ஏத்தி அனுப்ப மாட்டன்."

அவர் ஒரு பிடி எடுத்தார். சமையல்காரருடைய நாக்கு. நல்ல குழம்பு முன்னால் இருக்கும்போது அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. புளியும் பாலும் அவ்வளவு சரியாகச் சேர்ந்திருந்தன. இரண்டாம் முறை செல்லம் கரண்டியை நீட்டியபோது அவர் மறுக்கவில்லை. ரஞ்சினிக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம்.

சிங்கன் நகருக்குப் பக்கத்து எல்லையில் சுவிஸ்காரர்கள் பத்திரங்களைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். ஜெர்மன் பக்கச் சுங்கத்தில்தான் இழுபட்டது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம். பாரவண்டிகள் வரிசையாக நின்றன. வளாகத்தின் ஒரு மூலையில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் கட்டடத்துக்குள் போனார்கள்.

உருத்திரமூர்த்தி வாலிபத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் அகதியாக ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவர். ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்து எத்தனையோ வருஷமாகியும் சீருடைக்கு முன்னால் அவருடைய குரல் உள்ளே போய்விடும். ரஞ்சினிதான் பேசினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்த அதிகாரி பத்திரங்களை இரண்டு முறை புரட்டினார்.

"சுவிஸ் பத்திரத்தில் சரக்கு வண்டி என்று இருக்கிறது. நீங்கள் வாழும் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள்."

"சரக்கு வண்டியாகத்தான் முதலில் பதிந்தார்கள். பிறகு கபின் பூட்டினார்கள். உள்ளே கட்டில், சமையலறை எல்லாம் இருக்கிறது" என்றாள் ரஞ்சினி.

"இருக்கலாம். வெறும் சாமான் பெட்டிக்கும் யன்னல் வைக்கிறார்கள்." அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "சரக்கு வண்டி என்றால் வேறு நடைமுறை, வேறு தீர்வை. அதைப் பார்க்கிற ஆள் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை வண்டி இங்கேயே நிற்க வேண்டிவரும். எதற்கும் நான் வந்து உள்ளே பார்க்கிறேன். வண்டியடியில் நில்லுங்கள்."

நின்றார்கள். அதிகாரி வரக் காணோம். வண்டி திங்கள்வரை இங்கே நின்றால் வீட்டுக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்ற நினைப்பு ரஞ்சினிக்கு வந்தது. அதைச் சொல்லலாமா விடலாமா என்று அவர் பக்கம் திரும்பினாள். அவருடைய முகம் வெளிறியிருந்தது. ஒரு கை சட்டைக்கு மேலால் இடப்பக்கத்தைப் பொத்தியிருந்தது.

"என்னப்பா?"

"நிறைஞ்சிட்டுது. ஒட்டினதும் விடப்போகுது போல கிடக்கு." அவர் சுற்றிலும் பார்த்தார். கட்டடம் தூரத்தில் இருந்தது. வழியெல்லாம் பாரவண்டிச் சாரதிகள். "அந்த மீனைத் திண்டிருக்கக் கூடாது."

"பின்னுக்கு இருக்குதல்லோ. போங்கோ."

"விசர்க் கதை கதையாதையும். சுங்கத்தில நிக்கிற வண்டி. இன்னும் எங்கட எண்டும் இல்லை. அவர் பாக்க வாற நேரத்தில..."

"நாங்கள் காசு குடுத்து வாங்கின வண்டி. உள்ள போங்கோ. நான் வாசலில நிக்கிறன்."

அவள் பின்கதவைத் திறந்துவிட்டு அவருடைய கைப்பையை உள்ளே வைத்தாள். மாற்றுப் பையும் துணியும் சட்டையும் எப்போதும் அதற்குள் இருக்கும். அவர் படியில் ஏறி உள்ளே போனார். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மோட்டார் மெல்ல உறுமுகிற சத்தம் கேட்டது. அந்தோனிப்பிள்ளை தொட்டியில் தண்ணீர் நிரப்பித்தான் தந்திருக்கிறார்.

அதிகாரி சரியாக அந்த நேரம் வந்தார். கையில் எழுதும் பலகை, பலகையில் கடதாசி. கபின் கதவில் கை வைக்கப் போனார்.

"உள்ளே ஆள் இருக்கிறார்" என்றாள் ரஞ்சினி.

அவர் புருவத்தை உயர்த்தினார். எல்லையில் மூடிய வண்டிக்குள் ஆள் இருக்கிறார் என்றால் ஆள் கடத்தல் என்றுதான் அர்த்தப்படும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என் கணவர். உங்களோடு இப்போது பேசினோமே, அவர்தான். அவருக்கு வயிற்றில் செயற்கை வழி வைத்திருக்கிறார்கள். பை மாற்றுகிறார்."

இதை அவள் வெளியாள் ஒருவரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொந்தக்காரருக்கே "வயித்தில ஒரு சின்ன ஒப்பரேசன்" என்பதோடு நிறுத்திவிடுவாள். இப்போது பாரவண்டிகளுக்கு நடுவில் நின்று, முழுச் சொல்லையும் ஜெர்மன் மொழியில் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். ஒன்றும் இடிந்து விழவில்லை.

அதிகாரி பேனையைச் சட்டைப்பையில் குத்தினார்.

"எனக்கு அவசரமில்லை" என்றார். கபினுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினார். இருவரும் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற அந்நியர்கள் மாதிரி நின்றார்கள். சிறிது நேரம் கழித்து அவர், தன்னுடைய அக்காவுக்கும் அப்படி ஒன்று இருந்தது என்றார். பிறகு வழியை மூடிவிட்டார்கள், ஆனால் இருந்த காலத்தில் அவள் வீட்டைவிட்டு வரவே மாட்டாள் என்றார். ரஞ்சினி தலையாட்டினாள்.

கதவு திறந்தது. வேறு சட்டையோடு நின்ற உருத்திரமூர்த்தி படியடியில் சீருடையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"முடிந்ததா? நான் இப்போது பார்க்கலாமா?" என்று அதிகாரி கேட்டார்.

ரஞ்சினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன் அவரே பேசினார். "ஒரு நிமிஷம் பொறுங்கள். யன்னலைத் திறந்துவிடுகிறேன்."

அதிகாரி உள்ளே போய் வர அதிக நேரம் எடுக்கவில்லை. கட்டிலைத் தட்டினார், அடுப்பின் மூடியைத் தூக்கினார், குழாயைத் திறந்து மூடினார். இறங்கிவந்து பலகையில் எழுதிக்கொண்டே சொன்னார்:

"கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. தண்ணீர் வருகிறது. கழிப்பறை பாவனையில் இருப்பதை நேரிலேயே உறுதி செய்துகொண்டேன். இது வாழும் வண்டிதான். வாருங்கள், முடித்துவிடுவோம்."

தீர்வையைக் கட்டி, சுங்கம் முடிந்ததற்கான பத்திரத்தை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஏறினார்கள். உருத்திரமூர்த்தி கனநேரம் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். தோள் குலுங்குவதைக் கண்டு அழுகிறாரோ என்று அவள் பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"நேரில உறுதி செய்தவராம்" என்றார். பிறகு கொஞ்ச தூரம் போனதும், "இஞ்சரும், உள்ளுக்குத் தண்ணி வடிவா வருது. இளஞ்சூடு கூட இருந்தது."

வண்டி வீட்டுக்கு வந்தது, ஆனால் அலுவல் முடியவில்லை. வெளிநாட்டு வண்டியை ஜெர்மனியில் பதிய, தொழில்நுட்பப் பரிசோதனை நிலையத்தில் முதலில் முழுச் சோதனைச் சான்று வாங்க வேண்டும். பரிசோதனை நிலையத்தில் பொறியியலாளர் வண்டிக்குக் கீழே நீண்ட நேரம் கிடந்தார். எழுந்து வந்து குறைகளைச் சொன்னார். சமையல் எரிவாயுக் குழாயின் காலம் கடந்துவிட்டது. பிரேக் எண்ணெய்க் குழாய் ஒன்றில் கறள் பிடித்திருக்கிறது. பின்பக்கம் பனிமூட்ட விளக்கு எரியவில்லை. இவற்றைச் சரிசெய்யாமல் தர முடியாது. சுவிஸ் தற்காலிகத் தகட்டின் காலமோ முடிவதற்குக் கிட்ட வந்துவிட்டது.

ரஞ்சினி வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தாள். "நான் அவசரப்பட்டிட்டன். இந்தியாக்காரப் பெடியன் ஒருத்தன் சொன்னதைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை."

உருத்திரமூர்த்தி அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார்.

"காஸ் குழாய்தானே. உணவகத்தில ரெண்டு வருஷத்துக்கொருக்கா மாத்துறனாங்கள். அந்த மனுசன்ர நம்பர் என்னட்டை இருக்கு." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீர் வேலைக்குப் போம். உதை நான் பாக்கிறன்."

அடுத்த நாட்களில் அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவர் முற்றத்தில் வண்டியடியில்தான் இருந்தார். எரிவாயுக்காரர் வந்து குழாயை மாற்றி, சோதித்துச் சான்று கொடுத்துவிட்டுப் போனார். தெருமுனைக் கராஜில் கெஞ்சி பிரேக் குழாய் மாற்ற நாள் குறித்து டெர்மின் எடுத்தார். விளக்கில் வெறும் வயர்தான் கழன்றிருந்தது. மத்தியானத்தில் கபினுக்குள்ளேயே நித்திரை கொள்ளவும் பழகினார். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி எட்டிப்பார்த்து எங்கே பயணம் என்று கேட்டதற்கு, "வடக்கே, கடற்கரைப் பக்கம்" என்று சொன்னாராம். அதை அவளே ரஞ்சினியிடம் வந்து சொன்னாள். ரஞ்சினிக்கு அது புதுச்செய்தி.

இரண்டாம் முறை பொறியியலாளர் வண்டிக்குக் கீழேயிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார். விளக்கைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார். பிறகு அறைக்குள் போனார். திரும்பிவந்தபோது கையில் சான்று இருந்தது.

வாகனப் பதிவு அலுவலகத்தில் இலக்கம் கூப்பிடும்வரை உட்கார்ந்து, கூப்பிட்டதும் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினார்கள். விற்பனைப் பத்திரம், ரத்துச்செய்த சுவிஸ் பதிவு, சுங்கப் பத்திரம், பரிசோதனைச் சான்று, காப்புறுதி இலக்கம். மேசைக்கு அந்தப் பக்கத்துப் பெண் எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். போனவள் வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அடுத்த மேசைகளில் முடித்துக்கொண்டு புதுத்தகட்டோடு போனார்கள்.

"ஏதோ பிழை போல கிடக்கு" என்றாள் ரஞ்சினி. விரலால் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"பிழை எண்டால் திருத்திக்கொண்டு இன்னொருக்கா வருவம். வண்டி ஓடிப் போகாது" என்றார் உருத்திரமூர்த்தி. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

பெண் வந்தாள். வண்டி எங்கேயாவது களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று மத்திய அலுவலகத்தில் கேட்க வேண்டியிருந்தது, கணினி மெதுவாக இருந்தது, மன்னிக்க வேண்டும் என்றாள். எல்லாம் சரி. ரஞ்சினி கைப்பையின் வாரை விட்டாள்.

வாகனத் தரிப்பிடத்தில் புதுத் தகட்டைப் பூட்டும்போது அவளுக்குத் திருகாணி நேரே போகவில்லை. அவர் திருப்புளியை வாங்கித் தானே முடுக்கினார். முடுக்கி எழுந்ததும், "பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொல்லும்" என்றார்.

"என்னெண்டு?"

"சனிக்கிழமை வாறம் எண்டு."

தர்மிகா தொலைபேசியில் நாளைக் குறித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்பாவும் வாறாரோ?"

"அவர்தான் சொன்னவர்" என்றாள் ரஞ்சினி.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். ரஞ்சினி வேகப்படவில்லை. மேடுகளில் வண்டி முனகியது, இறக்கங்களில் மகிழ்ந்தது. ஹனோவர் தாண்டி, ஹீத் எனப்படும் புதர் நிலத்தின் பைன் மரங்களுக்கு நடுவே போகும்போது முன்னால் போன வண்டிகள் எல்லாம் சிவப்பு விளக்குப் போட்டு நின்றன. முன்னே ஏதோ விபத்து, பாதை முழுவதும் அடைப்பு என்று வானொலி சொன்னது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆட்கள் கதவைத் திறந்து இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு தூரத்தை எட்டிப் பார்த்தார்கள்.

உருத்திரமூர்த்தி பின்னால் போய், தன் அலுவலை முடித்து, தேநீரும் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் வண்டியின் பின்படியில் இருந்து குடித்தார்கள். பக்கத்து நிரையில் நின்ற காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். வயிறு பெருத்த கர்ப்பிணி. பாதையோர வேலியைப் பார்த்தாள், அதற்கு அப்பால் மரங்களைப் பார்த்தாள், புருஷனிடம் ஏதோ சொன்னாள். அவன் கையை விரித்தான். அவள் திரும்பக் காரில் ஏறப் பார்த்து, ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பின் அர்த்தம் உருத்திரமூர்த்திக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் கோப்பையை ரஞ்சினியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

"எங்களிடம் கழிப்பறை இருக்கிறது. சுத்தமானது. வாருங்கள்" என்றார் ஜெர்மன் மொழியில். அந்தப் பெண் தயங்கினாள். அவர் கபின் கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, தண்ணீரை எப்படித் திறப்பது என்று காட்டிவிட்டு வெளியே வந்து நின்றார். அவள் திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னாள்.

அயல் வண்டிகளில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு வயதான ஜெர்மன்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கேட்டார். பிறகு இரண்டு பெண்கள். பிறகு ஒரு பாரவண்டிச் சாரதி. வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வரிசையே உண்டானது. உருத்திரமூர்த்தி கதவடியில் நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டார். இடையில் வந்த ஒருவரிடம், "கொஞ்சம் பொறுங்கள், உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிஸ்கட் பெட்டி ஒன்று வந்தது, யாரோ அப்பிள் கொண்டுவந்தார்கள்.

தர்மிகா அழைத்தாள். "அம்மா, எங்கை நிக்கிறியள்? அப்பா எப்பிடி இருக்கிறார்? கஷ்டப்படுறாரோ?"

ரஞ்சினி வண்டியின் ஓரத்தால் எட்டிப் பார்த்தாள். "அப்பா பிஸியா இருக்கிறார் பிள்ளை. பேந்து எடுக்கச் சொல்லுறன்."

பாதை திறந்து, ஹம்பேர்க் நெரிசலையும் கடந்து கீலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தர்மிகா தெருவிலேயே நின்றாள். வண்டி நிற்குமுன் ஓடிவந்து அப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் இறங்கியதும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் விலகவில்லை. ரஞ்சினி இயந்திரத்தை அணைத்துவிட்டு, கையை ஸ்டியரிங்கில் வைத்தபடியே இருந்து அதைப் பார்த்தாள்.

"மேல வாங்கோ அப்பா, சாப்பாடு ஆறுது" என்றாள் தர்மிகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வாறன், வாறன்" என்றார் உருத்திரமூர்த்தி. "அதுக்கு முதல், இந்த ஊரில கழிவுப் பெட்டி கொட்டுற இடம் எங்கை இருக்கெண்டு பார் பிள்ளை. அரை நெடுஞ்சாலைச் சனத்தையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறம்."